பாறையோடு விலையையும் படியுங்கள்

சேலத்தில் ஜியாலஜி படிக்கிற தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்லணும். பாறையின் பெயரோடு நிறுத்தாதீர்கள், அதன் கணக்கையும் படியுங்கள்.

கருப்பூர் பக்கத்தில் மேக்னசைட் என்ற மெக்னீசியம் கார்பனேட் தாது எடுக்கும் குழிகளைப் பாருங்கள். பழுப்பேறிய டியூனைட் பாறைக்குள் மேக்னசைட் வெள்ளை நரம்பு நரம்பாக ஓடும். மெக்னீசியம் நிறைந்த அந்தப் பாறையின் விரிசல்களில் கரியமில வாயு கலந்த நீர் புகுந்து உண்டாக்கியது. வகுப்பில் பெரும்பாலும் இதோடு முடிந்துவிடும். ஆனால் அந்த நரம்பை எடுக்க எவ்வளவு கழிவுப்பாறையை உடைக்கணும், ஒட்டியிருக்கும் சிலிக்காவைத் தட்டிப் பிரிக்கணும், அப்புறம் சூளை வேறு. சுத்தமான மேக்னசைட் 1 டன்னைச் சுட்டால் பாதிக்கு மேல் வாயுவாகப் போய்விடும், மிஞ்சுவது 480 கிலோவுக்கும் குறைவான மெக்னீசியா, அதாவது மெக்னீசியம் ஆக்சைடு. உருக்காலை உலைச் செங்கல்லுக்குப் போவது இதுதான். எரிபொருள் விலை ஏறினாலோ சீனச் சரக்கு மலிவாக வந்து இறங்கினாலோ, தோண்டலாம் என்றிருந்த அதே கல் தோண்டக் கட்டாத கல்லாகிவிடும்.

கஞ்சமலை இரும்பும் அப்படித்தான். மேக்னடைட் என்ற இரும்புத் தாதுவோடு குவார்ட்ஸ் அடுக்கடுக்காகக் கலந்திருப்பதால் அரைத்துப் பிரித்த பிறகுதான் உலைக்கு ஆகும், அந்தச் செலவை யார் தாங்குவது?

சேர்வராயன் மலையுச்சியில் இருக்கும் பாக்சைட் என்ற அலுமினியத் தாதுவைக் கணக்குப் போடும்போது லாரி வாடகையோடு விடாமல், வெட்டுப்பட்ட சரிவில் மறுபடி மண் பிடிக்க, மரம் வளர்க்க ஆகும் செலவையும் அதே தாளில் எழுதுங்கள். அதை எழுதாத அறிக்கையில் கையெழுத்துப் போடாதீர்கள்.