வாலில் இருப்பதைத் தலைக்குக் கொண்டுவருதல்

ரங்கூன் பாயின்னவுங் சந்தையில் உளுந்து பேரம் பர்மிய மொழியில் நடக்கும். தமிழ்க் கடைகளில் முதலாளியும் கணக்குப்பிள்ளையும் தமிழில் பேசிக்கொள்வார்கள். சென்னைக்கும் மும்பைக்கும் போகிற கடிதம் மட்டும் ஆங்கிலம். அந்தக் கடிதங்களை எழுதப்போகும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இலக்கணம் சொல்லித்தரும்போது திரும்பத் திரும்ப இடறுகிற இடம் அட்வெர்பியல் க்ளாஸ். முதன்மை வாக்கியத்தின் வினை எப்போது, ஏன், எந்த நிபந்தனையில், எதற்காக நடக்கிறது என்று சொல்லவரும் துணை வாக்கியம் அது. இஃப், வென், பிகாஸ் என்ற சொற்கள் எல்லாருக்கும் தெரியும். அவை எங்கே உட்கார வேண்டும், கூட எந்தக் காலம் வர வேண்டும் என்பதில்தான் சறுக்கல்.

தமிழில் இந்த வேலையைச் செய்வது பெரும்பாலும் வினையெச்சம். 'வந்தால்', 'வந்ததும்', 'வராவிட்டால்' என்று உறவைக் காட்டும் உறுப்பு வினையின் வாலில் ஒட்டியிருக்கும். பர்மியமும் அப்படியே. 'லா' என்றால் வா, 'லாயின்' என்றால் வந்தால். ஆங்கிலத்தில் அந்த உறுப்பு தனிச்சொல்லாகத் துணை வாக்கியத்தின் தலையில் நிற்கிறது. வீட்டில் தமிழும் பள்ளியில் பர்மியமும் பேசுகிற பிள்ளைக்கு இரண்டு மொழிகளும் ஒரே பழக்கத்தைத்தான் ஊட்டியிருக்கின்றன.

அதனால் முதலில் தமிழ் வாக்கியத்தையே எழுதச் சொல்வது நல்லது. 'கப்பல் வந்ததும் பில் அனுப்புகிறோம்.' வாலை வட்டமிட்டு வெட்டி, அதற்குரிய ஆங்கிலச் சொல்லைத் தலையில் வைக்க வேண்டும்: 'ஆஸ் சூன் ஆஸ்'. அடுத்து, வந்தது யார் என்று கேட்டு எழுவாயை வைக்க வேண்டும்: 'தி வெசல்'. கடைசியில்தான் வினை: 'அரைவ்ஸ்'. தமிழில் எழுவாயை விழுங்கிவிட்டுப் பேசலாம், 'வந்ததும் அனுப்புகிறேன்' என்றால் போதும். ஆங்கிலத் துணை வாக்கியம் எழுவாய் இல்லாமல் நிற்காது.

காலத்தில் இரண்டு விதமாகத் தவறு வரும். 'வந்ததும்' இறந்தகால வடிவம் என்பதால் சிலர் 'வென் தி வெசல் அரைவ்ட், வீ வில் சென்ட்' என்று எழுதுகிறார்கள். நடக்கப்போவதுதானே என்று யோசிப்பவர்கள் 'வென் தி வெசல் வில் அரைவ்' என்கிறார்கள். நேரத்தையோ நிபந்தனையையோ சொல்லும் துணை வாக்கியத்தில் எதிர்காலச் செய்திக்கும் நிகழ்கால வடிவமே வரும், 'வில்' முதன்மை வாக்கியத்தில் மட்டும். இந்த ஒரு விதியைக் கையில் ஏற்றிவிட்டாலே கடிதம் பாதி தேறிவிடும்.

பர்மிய 'யின்' இன்னொரு சிக்கலைக் கொண்டுவருகிறது. அது 'வந்தால்' என்பதற்கும் 'வரும்போது' என்பதற்கும் பொது. கப்பல் துறைமுகத்தை நெருங்கிவிட்டது என்று தெரிந்தும் 'இஃப் தி வெசல் அரைவ்ஸ்' என்று எழுதினால், சென்னையில் படிப்பவர் கப்பல் வருமா வராதா என்று பதறிப்போவார். நடப்பது உறுதியென்றால் வென், உறுதியில்லை என்றால் இஃப். தமிழ் இந்த வேறுபாட்டைத் தெளிவாகவே வைத்திருக்கிறது. அதனால் இந்த இடத்தில் பிள்ளைகளைத் தமிழில் யோசிக்கச் சொல்ல வேண்டும்.

எதிர்மறையிலும் சறுக்கல் உண்டு, இங்கே தமிழும் கைகொடுக்காது. பர்மியத்தில் 'வருவதற்கு முன்' என்பது 'மலாகின்', வினைக்கு முன்னால் எதிர்மறை 'ம' ஒட்டியிருக்கிறது. தமிழிலும் 'பணம் வராதவரை சரக்கு ஏறாது' என்கிறோம். இரண்டும் சேர்ந்து 'அன்டில் தி பேமென்ட் இஸ் நாட் ரிசீவ்ட்' என்று வந்து விழும். அன்டில், பிஃபோர், அன்லெஸ் மூன்றின் பின்னாலும் 'நாட்' தென்பட்டால் பேனாவை நிறுத்திப் பார்க்க வேண்டும். அன்லெஸுக்குள் 'இல்லாவிட்டால்' ஏற்கெனவே இருக்கிறது.

'ஆல்தோ' எழுதிவிட்டு நடுவில் 'பட்' சேர்ப்பதற்கு வேர் பர்மியத்தில் இருக்கலாம். 'ஆனாலும்' என்று இணைப்பது 'பேமே', 'ஆனால்' என்று வாக்கியம் தொடங்குவது 'டாபேமே'. காதுக்கு இரண்டும் ஒன்றுபோல. 'பிகாஸ்' பிழைக்கு வேர் தமிழில். 'ஏனென்றால்' என்று புது வாக்கியம் தொடங்குகிறோம் அல்லவா? அதை அப்படியே பெயர்த்தால் முற்றுப்புள்ளிக்குப் பின் 'பிகாஸ் தி பேக்ஸ் வேர் வெட்' என்று ஒரு துண்டு தனியே கிடக்கும். பேச்சில் பரவாயில்லை, வணிகக் கடிதத்தில் கூடாது.

பிகாஸில் இதைவிடப் பெரிய ஆபத்து உண்டு. 'வீ டிட் நாட் ஷிப் பிகாஸ் தி பிரைஸ் ஃபெல்.' விலை விழுந்ததால் அனுப்பவில்லை என்றும் படிக்கலாம்; அனுப்பினோம், ஆனால் விலை விழுந்தது காரணமல்ல என்றும் படிக்கலாம். முதன்மை வாக்கியத்தில் 'நாட்' இருந்தால் பிகாஸ் துணை வாக்கியத்தை முன்னால் வைத்து, காற்புள்ளி போட்டு, பிறகு முதன்மை வாக்கியத்தை எழுதுவது பத்திரம். துணை வாக்கியம் முன்னால் வந்தால் காற்புள்ளி, பின்னால் வந்தால் பெரும்பாலும் தேவையில்லை. 'ஆஸ்', 'சின்ஸ்' இரண்டுக்கும் நேரப்பொருளும் உண்டு, காரணப்பொருளும் உண்டு. கணக்கு வழக்குள்ள கடிதத்தில் காரணத்துக்கு பிகாஸ் மட்டுமே போதும்.

'ஆஃப்டர் செக்கிங் தி பேக்ஸ், தி லாரி லெஃப்ட்' என்று எழுதினால் மூட்டையைச் சோதித்தது லாரி ஆகிவிடும். இதைப் பிடிக்க நம்மிடமே கருவி இருக்கிறது. நன்னூல் சொல்லும் 12 வினையெச்ச வாய்பாடுகளில் 'செய்து' தன் எழுவாயின் வினையையே கொண்டு முடியும். 'மூட்டையைச் சோதித்துவிட்டு லாரி கிளம்பியது' என்று சொல்லிப் பார்த்தால் தமிழ்க் காது உடனே முகம் சுளிக்கும். சுளித்தால் ஆங்கிலத்திலும் பிழை. 'ஆஃப்டர் வீ செக்ட் தி பேக்ஸ்' என்று எழுவாயை உள்ளே வைத்தால் சரியாகிவிடும். எந்த விளக்கத்தையும்விட இந்தச் சோதனை சீக்கிரம் பிடிபடுகிறது.

எல்.சி., அதாவது வாங்குபவருக்காக வங்கி தரும் பண உறுதிக் கடிதம் (லெட்டர் ஆஃப் கிரெடிட்), பார்ப்பவர்களுக்கு ஒன்று கூடுதலாகச் சொல்ல வேண்டும். 2007 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள யு.சி.பி. 600 என்ற பன்னாட்டு எல்.சி. விதிகளின்படி, சரக்கு ஏற்றும் காலத்தைக் குறிக்கும் 'அன்டில்', 'டில்', 'ஃப்ரம்' குறிப்பிட்ட தேதியையும் சேர்த்துக்கொள்ளும்; 'பிஃபோர்', 'ஆஃப்டர்' அந்தத் தேதியை விலக்கும். 'பிஃபோர் 15' என்றால் 14-ஆம் தேதிக்குள் எல்லா மூட்டையும் ஏறியாக வேண்டும், 'அன்டில் 15' என்றால் 15-ஆம் தேதியும் நம்முடையது. இங்கே இச்சொற்களின் பின் வினை இல்லை, தேதி மட்டுமே. அதனால் இவை துணை வாக்கியம் ஆகா. 'பிஃபோர் தி வெசல் சேல்ஸ்' என்று வினையோடு எழுதும்போது இந்தத் தேதிக் கணக்கு கைகொடுக்காது. கப்பல் எப்போது புறப்படும் என்பதைப் பக்கத்திலேயே தேதியாக எழுதிவிட வேண்டும்.