பந்தயக் கணக்கைப் பூட்டிய கதை

இரவு பதினொன்றரை மணிக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. ‘உங்கள் கணக்கில் புதிய கருவியிலிருந்து யாரோ நுழைந்திருக்கிறார்கள். நீங்கள் இல்லையென்றால் உடனே இங்கே அழுத்தவும்.’ போட்டிகளில் பந்தயம் கட்ட நான் வைத்திருக்கும் கணக்கு அது. வங்கி கார்டும் அதிலேயே சேமித்துக் கிடந்தது. பதற்றத்தில் அழுத்திவிட்டேன்.

திறந்த பக்கம் அச்சு அசலாக இருந்தது. அதே நிறம், அதே லோகோ, முகவரிக்குப் பக்கத்தில் பூட்டுப் படம். ஆனால் தொட்டதும் பாஸ்வேர்டை நிரப்பிவிடும் பாஸ்வேர்ட் மேனேஜர் அன்று அசையவே இல்லை. ஏன் என்று முகவரியைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ‘எம்’ (m) இருக்க வேண்டிய இடத்தில் ‘ஆர்’, ‘என்’ (rn) இரண்டும் நெருங்கி நின்றன. என் கண் ஏமாந்த இடத்தில் அந்த மென்பொருள் ஏமாறவில்லை. பூட்டுப் படத்தை நம்பிப் பயனில்லை. நாம் அனுப்புவதை நடுவழியில் யாரும் படிக்க முடியாது, அவ்வளவுதான் அதற்கு அர்த்தம். மறுமுனையில் இருப்பவர் நல்லவரா, திருடரா என்று அது சொல்லாது.

பக்கத்தை மூடிவிட்டு, முகவரியை நானே தட்டச்சு செய்து உள்ளே போனேன். அந்நியர் யாரும் நுழைந்த தடயம் இல்லை. ஆனாலும் தூக்கம் போய்விட்டது. நம் விவரங்கள் எங்காவது கசிந்திருக்கின்றனவா என்று காட்டும் ‘ஹேவ் ஐ பீன் போன்ட்’ தளத்தில் என் மின்னஞ்சலைப் போட்டுப் பார்த்தால், எப்போதோ பொருள் வாங்கிய ஒரு தளத்திலிருந்து என் விவரங்கள் கசிந்திருந்தன. அங்கே வைத்த பாஸ்வேர்டைத்தான் பந்தயக் கணக்குக்கும் வைத்திருந்தேன்.

முதலில் பூட்டியது மின்னஞ்சலை. ‘பாஸ்வேர்ட் மறந்துவிட்டது’ என்று யார் அழுத்தினாலும் சாவி அங்கேதானே வந்து விழுகிறது! அப்புறம்தான் பந்தயக் கணக்கு: புதிய நீளமான பாஸ்வேர்ட், எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேற்றம், பாஸ்வேர்டுக்குப் பிறகு இன்னொரு எண்ணும் கேட்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பு. எஸ்எம்எஸ் ஓடிபிக்குப் பதிலாக, 30 விநாடிக்கு ஒருமுறை 6 இலக்க எண் மாறும் ஆதென்டிகேட்டர் செயலியை எடுத்துக்கொண்டேன். நம் எண்ணுக்கு வேறொருவர் டூப்ளிகேட் சிம் வாங்கிவிட்டால் எஸ்எம்எஸ் அவருக்குத்தான் போகும். போன் கையில் இல்லாதபோது உள்ளே போகத் தளம் தந்த பேக்கப் குறியீடுகளைத் தாளில் எழுதி வைத்தேன். முன்பு ஒருமுறை அவற்றை எழுதாமல் போனை மாற்றி, வேறொரு கணக்கைத் திறக்க முடியாமல் பல நாள் அலைந்திருக்கிறேன்.

பணம் போடும் வழியையும் மாற்றினேன். சேமித்த கார்டை நீக்கிவிட்டேன். இப்போது இதற்கென்றே ஒரு தனி வங்கிக் கணக்கு. போனாலும் பரவாயில்லை என்று நினைக்கும் தொகைக்கு மேல் அதில் இருக்காது. கிரெடிட் கார்டு பக்கமே போவதில்லை. பல வங்கிகள் பந்தயத் தளத்துக்குப் போகும் பணத்தை ரொக்கமாக எடுத்ததாகவே கணக்கிட்டு முதல் நாளிலிருந்து வட்டி போடுகின்றன. பிரிட்டனில் 2020 ஏப்ரலிலிருந்து கிரெடிட் கார்டில் பந்தயம் கட்டவே தடை.

எந்தத் தளமானாலும் அதன் உரிம எண்ணை, உரிமம் கொடுத்த ஆணையத்தின் பதிவேட்டிலேயே தேடிப் பார்க்க வேண்டும். தளத்தின் அடியில் ஒட்டியிருக்கும் முத்திரையை யார் வேண்டுமானாலும் ஒட்டலாம். சாட்டில் வந்து ‘இந்த எண்ணுக்குப் பணம் அனுப்புங்கள், நான் ஏற்றி விடுகிறேன்’ என்பவருக்கு ஒரு பைசாகூட அனுப்பாதீர்கள். புதுத் தளம் என்றால் சிறு தொகை போட்டு, அதைத் திரும்ப எடுத்துப் பார்த்த பிறகுதான் அடுத்த டெபாசிட். அடையாளச் சரிபார்ப்பையும் முதலிலேயே முடித்துவிடுவது நல்லது.

அன்றே டெபாசிட் வரம்பையும் வைத்தேன். குறைத்தால் உடனே அமலுக்கு வந்துவிடும். கூட்ட வேண்டுமென்றால் 24 மணி நேரம் காத்திருக்க வேண்டும். தோற்ற ஆத்திரத்தில் இன்னும் கொஞ்சம் போடத் தோன்றும் நேரத்துக்கு இந்தக் காத்திருப்பு பெரிய காவல். இதுவும் பாதுகாப்புதான் என்று உறுதியாக நம்புகிறேன்.

ஒரு வாரம் கழித்து ‘வாடிக்கையாளர் சேவை’ என்று ஒரு அழைப்பு. என் பெயர், மின்னஞ்சல் எல்லாம் சரியாகச் சொன்னார். கணக்கு முடங்காமலிருக்க அந்த 6 இலக்க எண்ணைச் சொல்லுங்கள் என்றார். இணைப்பைத் துண்டித்துவிட்டு, தளத்துக்குள் போய் உதவிப் பகுதியில் கேட்டேன். நாங்கள் யாரும் அழைக்கவில்லை என்று பதில் வந்தது. அழைத்த எண்ணை அவர்களிடமே கொடுத்துவிட்டு, என் போனிலும் பிளாக் செய்தேன்.