தோப்புக்குப் பக்கத்தில் டிரான்ஸ்பார்மர் வந்த விதம்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் போர்த் தண்ணீரை நம்பித் தென்னை வைத்திருப்பவர்களுக்கு இது புது விஷயமல்ல. கரண்ட் இருக்கும், மோட்டார் ஓடாது. 415 வோல்ட் வர வேண்டிய த்ரீ ஃபேஸ் லைனில், எல்லாரும் தண்ணீர் பாய்ச்சும் காலை நேரத்தில் எங்கள் பேனல் போர்டு 330 காட்டும். வோல்டேஜ் இறங்கினால், அதே தண்ணீரைத் தள்ள மோட்டார் ஆம்பியரை அதிகமாக இழுக்கும். காயில் சூடேறி எரிவது அதனால்தான். போரிலிருந்து மோட்டாரைத் தூக்கி, காயில் கட்டி, மறுபடி இறக்குவதற்குள் ஒரு வெட்டுத் தேங்காய்ப் பணம் போய்விடும்.

கரண்டுக்குப் பஞ்சமில்லை. புகளூரிலிருந்து திருச்சூருக்கு 2,000 மெகாவாட் கொண்டுபோகும் நேர்மின் பாதை 2021-லேயே திறந்தாகிவிட்டது. கோளாறு எங்கள் கடைக்கோடி லைனில். டிரான்ஸ்பார்மர் எங்கோ ஊருக்குள் இருக்க, அங்கிருந்து தாழ்வழுத்தக் கம்பியிலேயே தோப்பு தோப்பாக இழுத்துக்கொண்டு வந்திருந்தார்கள். அதே மின்சாரம் 11,000 வோல்ட்டில் வந்தால் கம்பியில் ஓடும் ஆம்பியர் கிட்டத்தட்ட 25-இல் ஒரு பங்குதான்; ஆம்பியர் குறைந்தால் வழியில் இறங்கும் வோல்டேஜும் குறையும். டிரான்ஸ்பார்மரைத் தோப்புக்குப் பக்கத்திலேயே கேட்டது இதற்காகத்தான்.

தனி ஆளாகப் போனால் வேலைக்கு ஆகாது. அந்த லைனில் உள்ள விவசாயிகள் எல்லாரும் கையெழுத்துப் போட்டு, கன்ஸ்யூமர் நம்பரும், காலை மாலை எழுதிவைத்த வோல்டேஜ் கணக்கும் சேர்த்து மின்வாரிய செக்ஷன் ஆபீஸில் மனு கொடுத்தோம். தமிழில் எழுதி, மலையாளத்தில் ஒரு படியும் வைத்தோம். ஓவர்சியர், கம்பியைக் கவ்விப் பிடித்து ஆம்பியர் அளக்கும் டாங் டெஸ்டரோடு தண்ணீர் பாயும் நேரத்திலேயே வந்து அளந்தார். அப்போதுதான் ஒன்று தெரிந்தது. 3 எச்பி என்று பதிவு செய்துவிட்டு 5 எச்பி ஓட்டுகிற தோப்புகள் சில இருந்தன. பேப்பரில் லோடு குறைவாக இருந்தால் புது டிரான்ஸ்பார்மருக்கு நியாயம் காட்ட முடியாது. அவர்களைக் கூடுதல் லோடுக்கு விண்ணப்பிக்க வைத்த பிறகுதான் எஸ்டிமேட் நகர்ந்தது.

ரொம்ப நாள் இழுத்தது சம்மதப் பத்திரம்தான். 11 கேவி (11,000 வோல்ட்) லைன் வர வேண்டிய வழியில் ஒரு பெரியவரின் தோப்பு இருந்தது.

"மாப்ள, இந்த மரமெல்லாம் இப்பத்தான் கள்ளுக்கு விட்டிருக்கேன். மேல கம்பி போனா வெட்டச் சொல்லுவாங்களே?"

அவர் பயம் நியாயமானது. எங்கள் சித்தூர் தாலுகாவில் கள்ளு மரம் என்றால் தினசரி வருமானம். உடமஸ்தர் ஒத்துக்கொள்ளாவிட்டால் விஷயத்தை மாவட்ட நிர்வாகத்துக்குக் கொண்டுபோகச் சட்டத்தில் வழி இருக்கிறது. ஆனால் பக்கத்துத் தோப்புக்காரரை அங்கே இழுக்க எனக்கு மனம் வரவில்லை. ஓவர்சியரையும், நான் மாமா என்று கூப்பிடும் அந்தப் பெரியவரையும் கூட்டிக்கொண்டு வரப்பிலேயே நடந்தோம். பஞ்சாயத்து ரோட்டை ஒட்டி வளைத்துக்கொண்டு போனால் போஸ்ட் ஒன்று கூடும், மரம் ஒன்றும் போகாது. கடைசி மரத்தின் மட்டைக்கும் கம்பி வரும் இடத்துக்கும் எவ்வளவு இடைவெளி என்று மாமாவே கழி பிடித்துப் பார்த்தார். போஸ்ட் சாயாமல் இழுத்துக் கட்டும் ஸ்டே கம்பி மட்டும் தன் வரப்புக்குள் வரக்கூடாது என்றார். சரி என்று அதையும் மாற்றிக் குறித்துக்கொண்டு, அங்கேயே கையெழுத்து வாங்கினோம்.

அதற்குப் பிறகு போஸ்ட் நட்டதும் கம்பி இழுத்ததும் மளமளவென்று முடிந்தன. புது லைனில் கரண்ட் விட்டு சார்ஜ் பண்ணிய அன்று பேனல் போர்டு 405 காட்டியது. இப்போது காலையில் எல்லாரும் மோட்டார் போட்டாலும் 390-க்குக் கீழே இறங்குவதில்லை.

மனு கொடுக்கப் போகிறவர்கள் இன்றைக்கே ஒரு நோட்டுப் போட்டு வோல்டேஜை எழுத ஆரம்பியுங்கள். தேதி, நேரம், மூன்று ஃபேஸும் தனித்தனியாக. எங்கள் மனுவில் ஓவர்சியர் முதலில் புரட்டிப் பார்த்தது அந்தப் பக்கங்களைத்தான்.