குடல் பாக்டீரியாவுக்குப் புதுப் பேரினம்: டெபாசிட்டை முதலில் தொடங்குங்கள்

மனிதக் குடலிலிருந்து வளர்த்தெடுத்த ஒரு பாக்டீரியாவைப் புதுப் பேரினம் என்று முன்வைத்து எழுதிய எங்கள் கட்டுரை இப்போது ஏற்கப்பட்டிருக்கிறது. பெங்களூரில் என் முனைவர் பட்ட ஆய்வின் பெரும்பகுதி இதில்தான் போனது. அதில் மாதங்களை விழுங்கியது டெபாசிட், அதாவது நுண்ணுயிர்களை உயிரோடு காத்துத் தரும் கல்ச்சர் வங்கிகளில் அந்த பாக்டீரியாவை ஒப்படைப்பது. பெயரை மட்டும் இங்கே எழுதவில்லை. ஐஜேஎஸ்இஎம் என்ற நுண்ணுயிர் வகைப்பாட்டு இதழில் வெளியானாலோ, வேறு இதழில் வெளியாகி அந்த இதழின் பட்டியலில் சேர்ந்தாலோதான் ஒரு பாக்டீரியாப் பெயர் செல்லும். அதற்கு முன் பெயர் வெளியே உலவக் கூடாது என்பது என் வழிகாட்டியின் கண்டிப்பு.

மல மாதிரி கொடுத்தவர்களில் பலர் பெங்களூரின் அல்சூர் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள். நெறிமுறைக் குழு ஒப்புதல் கொடுத்த பிறகு, சம்மதப் படிவத்தைத் தமிழில் எழுதிக்கொண்டு வீடு வீடாகப் போனேன். "ஏம்மா, இதைக் கொண்டுபோய் என்ன பண்ணுவே?" என்று ஒரு பாட்டி கேட்டார். "உங்க வயித்துல இருக்கிற பூச்சிங்கள்ல பாதிக்கு இன்னும் பேரே தெரியல பாட்டி. ஒண்ணொண்ணா வளர்த்துப் பாக்கணும்" என்றேன். கையெழுத்துப் போட்டுவிட்டு, தெரிந்ததும் வந்து சொல்லச் சொன்னார். 'பாதி' என்று நான் சொன்னது பேச்சுக்குத்தான். ஆனால் மலத்திலிருந்து டிஎன்ஏ எடுத்துப் படிக்கும் ஆய்வுகளில், பெயரில்லாதவை எல்லாம் 'வகைப்படுத்தப்படாதவை' என்று ஒரே மூட்டையாகக் கட்டப்படுவது எனக்குப் பெரிய வருத்தம். உயிரோடு கையில் இருந்தால்தான் அது எதைத் தின்கிறது, எந்த அமிலத்தை விடுகிறது என்று கேட்க முடியும்.

வளர்ப்பது பொறுமை கேட்கும் வேலை. ஆக்சிஜன் பட்டால் சாகிற இனம் இது. நைட்ரஜன், ஹைட்ரஜன், கார்பன் டை ஆக்சைடு நிரப்பிய சேம்பருக்குள் கையுறை வழியாகத்தான் எல்லாம் செய்ய வேண்டும். மீடியத்தில், அதாவது பாக்டீரியாவுக்கான உணவுக் கலவையில், கலந்த ரெசாசுரின் என்ற சாயம் இளஞ்சிவப்பானால் காற்று புகுந்துவிட்டது என்று பொருள், அந்தக் குழாயைத் தூக்கிப் போட வேண்டியதுதான். ஒரு காலனியைத் திரும்பத் திரும்ப ஸ்ட்ரீக் செய்து (தட்டில் கோடாக இழுத்துத் தனித்தனியாகப் பிரித்து), கலப்பு இல்லை என்று நிச்சயமான பிறகுதான், புரதங்களின் எடையை வைத்து இனத்தை அடையாளம் காணும் மால்டி-டாஃப் கருவிக்குக் கொடுத்தோம். மதிப்பெண் 1.7-ஐத் தொடவில்லை, அதாவது கருவிக்குத் தெரிந்த எதனோடும் பொருந்தவில்லை.

அடுத்தது, பாக்டீரியாக்களின் உறவை ஒப்பிடப் பயன்படும் 16எஸ் ஆர்ஆர்என்ஏ மரபணு. மிக நெருங்கிய டைப் ஸ்ட்ரெயினோடு (ஒரு சிற்றினப் பெயருக்கு ஆதாரமாக வைக்கப்படும் மூல வளர்ப்போடு) ஒற்றுமை 98.7 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் புதுச் சிற்றினமாக இருக்கலாம். பேரினத்துக்கு 94.5 சதவீதம் என்று 2014-இல் வந்த ஆய்வு ஓர் எல்லை வைத்தது. எங்களுடையது 93-ஐச் சற்றுத் தாண்டி நின்றது. லேப் முழுக்க சந்தோஷம். ஆனால் இந்த எண்ணை மட்டும் வைத்துப் பேரினம் அறிவிப்பது அவசரம் என்பது என் உறுதியான கருத்து. இரண்டு ஜீனோம்களுக்கு (முழு மரபணுத் தொகுப்புகளுக்கு) பொதுவான புரதங்களின் பங்கைப் பார்க்கும் பிஓசிபி முறையில் 50 சதவீதம்தான் எல்லை, அதற்குக் கீழே இருந்தால்தான் வேறு பேரினம். எங்கள் எண் அதற்குச் சற்று மேலே வந்து குழப்பியது. பிளாவுட்டியா, ரோஸ்பூரியா, டோரியா எல்லாம் இருக்கிற லாக்னோஸ்பைரேசியே குடும்பத்தில் இந்த ஒரு எண்ணை நம்பிக் கோடு போட முடியாது. கடைசியில் ஜீனோம் முழுவதிலிருந்தும் வரைந்த உறவு மரத்தில் எங்கள் கிளை தனியாகப் பிரிந்து நின்றது. செல் கொழுப்பு அமிலங்களும் நொதித்தலில் வெளிவரும் அமிலங்களும் அந்தப் பிரிவோடு ஒத்துப்போயின. அதன் பிறகுதான் பேரினம் என்று எழுத எனக்கு மனம் வந்தது.

இவ்வளவு யோசிக்கக் காரணம் உண்டு. கிளாஸ்ட்ரிடியம் என்ற பேரினத்தில் சேரக்கூடாததெல்லாம் காலங்காலமாகச் சேர்ந்தன. கடும் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் டிஃபிசில் என்ற சிற்றினத்தை அதிலிருந்து பிரித்தபோது, மருத்துவமனைகளில் வழங்கும் 'சி. டிஃப்' என்ற சுருக்கம் கெடக் கூடாது என்று பார்த்துத்தான் 2016-இல் கிளாஸ்ட்ரிடியாய்டீஸ் என்று வைத்தார்கள். இன்று நாம் வைக்கிற பெயரை நாளைக்கு ஒருவர் மாற்ற நேர்ந்தால் அந்தச் சிரமம் எத்தனை பேரைத் தொடும் என்று பாருங்கள்.

இப்போது டெபாசிட். இதைத்தான் நான் அழுத்திச் சொல்ல வந்தேன். டைப் ஸ்ட்ரெயின் வெவ்வேறு நாடுகளில் உள்ள இரண்டு பொதுக் கல்ச்சர் வங்கிகளிலாவது இருக்க வேண்டும், கேட்பவருக்குத் தடையில்லாமல் கிடைக்க வேண்டும். 2001 முதல் விதி இது. "புனே, சண்டிகர் வங்கி ரெண்டுலயும் போட்டா போதும்னு நினைச்சுடாதே, ரெண்டும் ஒரே நாடு" என்று லேபில் மூத்த திருநெல்வேலி அக்கா முதலிலேயே எச்சரித்தார். வெளியே என்றால் ஜெர்மனியின் டிஎஸ்எம்இசட், ஜப்பானின் ஜேசிஎம் போன்றவை. ஆனால் 2002-ஆம் ஆண்டு பல்லுயிர்ச் சட்டம் நுண்ணுயிர்களுக்கும் பொருந்தும். மனித மரபணுப் பொருளுக்குத்தான் விலக்கு. மனிதக் குடலிலிருந்து வந்தாலும் பாக்டீரியா பாக்டீரியாதான். எனவே சென்னையில் இருக்கும் தேசியப் பல்லுயிர் ஆணையத்திடம் அனுப்புவதற்கு முன்பே எழுத்தில் தெளிவு பெறுங்கள். புது இனம் கண்டுபிடித்தால் அரசு குறித்த களஞ்சியத்துக்குத் தெரிவித்து, மாதிரியும் ஒப்படைக்க வேண்டும் என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது.

எங்கள் முதல் பார்சல் வெளிநாட்டு வங்கியில் முளைக்கவில்லை. உலர்த்தி அடைத்த கண்ணாடிக் குப்பியிலிருந்து எதுவும் எழவில்லை என்று மின்னஞ்சல் வந்தது. இரண்டாவது முறை, வேகவைத்த இறைச்சி மீடியத்தில் உயிருள்ள கல்ச்சராக, பியூட்டைல் ரப்பர் மூடி போட்ட குழாய்களில் அனுப்பினோம். எங்கள் மீடியத்தின் செய்முறையை முழுதாக எழுதி, வளர எத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்பதையும் சேர்த்தோம். அது முளைத்தது. அவர்கள் தூய்மை பார்த்து, மரபணு வரிசையைச் சரிபார்த்து, டெபாசிட் சான்றிதழ் கொடுத்தார்கள். அது வராமல் கட்டுரை நகராது. ஜீனோம் வேலை சில வாரங்களில் முடிந்துவிடும், இது மாதங்களை விழுங்கும். தூய கல்ச்சர் கையில் வந்த வாரமே வங்கிகளுக்கு எழுதத் தொடங்கிவிடுங்கள்.

பெயர் வைப்பது சீக்கிரம் முடிந்தது. தன் பெயரை வைக்கிற வழக்கம் கிடையாது. மற்றவர்களைக் கௌரவிக்கலாம், நுண்ணுயிரியலாளர் ஆன்டூன் அக்கர்மான்ஸைக் கௌரவித்து 2004-இல் அக்கர்மான்சியா வந்ததுபோல. '-எல்லா' என்று முடிந்தால் பெண்பால், '-பாக்டர்' ஆண்பால், '-பாக்டீரியம்' அஃறிணை. சிற்றினப் பெயர் உரிச்சொல்லாக இருந்தால் அதற்கேற்ப மாற வேண்டும். பேரினத்தின் டைப் சிற்றினம் எது என்று வெளிப்படையாக எழுதவும் வேண்டும். மதிப்பாய்வாளர் எங்கள் லத்தீனில் ஒரு எழுத்தைத் திருத்தினார்.

அவர் இன்னொன்றும் கேட்டார்: இந்தப் பேரினம் ஒரே ஆளின் ஒரே ஸ்ட்ரெயினில் நிற்கிறதே, வேறு யாரிடமாவது கிடைத்ததா? நியாயமான கேள்வி. கட்டுரை அப்படியே ஏற்கப்பட்டாலும் அந்தத் தேடலை விடவில்லை. புது மாதிரிகளை அதே மீடியத்தில் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அல்சூருக்கு மறுபடி போகும்போது அந்தப் பாட்டிக்கும் பெயரைச் சொல்ல வேண்டும். அதற்குள் இதழும் வெளிவந்துவிடும்.