காவல்துறைக்கு வந்த ஹேக்கர் மிரட்டல்: நான்கு பக்கத்துக்கு ஆறு மாதம்

நேற்று முன்தினம் தபால்காரர் கொடுத்த கவரில் இருந்தது நான்கே பக்கம். அதிலும் பாதி கறுப்பு மை. ஹேக்கர் மிரட்டல் வந்தால் காவலர்கள் என்ன செய்ய வேண்டும் என்று காவல்துறை அனுப்பிய சுற்றறிக்கையின் நகல் அது, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் (ஆர்.டி.ஐ.) கேட்டு வாங்கியது. இதற்காக 2024 ஜூனிலிருந்து டிசம்பர் வரை அலைந்திருக்கிறேன். சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். இனி போகிறவர்கள் என் அளவுக்கு அலைய வேண்டாம்.

என் தம்பி ஆயுதப்படைக் காவலர். மார்ச் மாதம் ஒரு ராத்திரி அவன் போனுக்கு ஒரு மெசேஜ் வந்தது. வீட்டு விலாசம், அம்மா பெயர், அவனுடைய பி.சி. நம்பர் (காவலர் எண்) எல்லாம் சரியாகப் போட்டு, "அடுத்து மொத்த லிஸ்ட்டும் வெளியே வரும்" என்று எழுதியிருந்தது. மேலதிகாரியிடம் சொன்னதற்கு, "பிளாக் பண்ணிட்டு வேலையைப் பாரு" என்று பதில். மே மாதம், தமிழ்நாடு காவல்துறையின் முக அடையாள மென்பொருள் தளத்தில் ஊடுருவல் நடந்த செய்தியைப் படித்த பிறகு எனக்கு மனசு கேட்கவில்லை. இப்படி மிரட்டல் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று காவலர்களுக்குத் துறை ஏதாவது சொல்லியிருக்கிறதா? சொல்லியிருந்தால் அது காகிதத்தில் இருக்கும். இருந்தால் ஆர்.டி.ஐ.யில் கேட்கலாம்.

முதல் மனுவை நானே கெடுத்துக்கொண்டேன். "ஹேக்கர் மிரட்டல்களைத் தடுக்க ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை?" என்று ஆத்திரத்தில் எழுதிவிட்டேன். மனு கேள்வி வடிவில் இருப்பதால் பிரிவு 2(எஃப்)-இன்படி 'தகவல்' ஆகாது என்று இரண்டு வரியில் பதில் வந்தது. ஒரு மாதம் போனது. ஏன், எப்படி என்று எழுதவே எழுதாதீர்கள். இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை வந்த சுற்றறிக்கையின் நகல், பதிவேட்டுப் பக்கத்தின் நகல் என்று காகிதத்தைக் கேளுங்கள்.

இரண்டாவது மனுவைக் காவல் அலுவலகத்துக்கு நேரில் கொண்டுபோனேன். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டியிருந்தது. தபால் பிரிவில் இருந்தவர் மனுவை முழுதாகக்கூடப் படிக்காமல், "போலீஸுக்கு ஆர்.டி.ஐ. கிடையாதும்மா, உளவுத்துறை மாதிரிதான்" என்று திருப்பிக் கொடுத்தார். இது சுத்தத் தவறு. பிரிவு 24-இன் கீழ் மாநில அரசு அறிவிக்கை போட்டு விலக்கிய உளவு, பாதுகாப்புப் பிரிவுகளுக்குத்தான் அந்த விலக்கு. அவற்றிலும் ஊழல், மனித உரிமை மீறல் சம்பந்தப்பட்ட தகவலைக் கேட்க முடியும். சாதாரணக் காவல் அலுவலகத்துக்குச் சட்டம் முழுதாகப் பொருந்தும். அவரிடம் வாதாட எனக்குத் தெம்பு இல்லை. எதிரில் இருந்த தபால் நிலையத்துக்குப் போய், அதே மனுவை ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்பினேன். கவுன்டரில் மறுத்த மனு தபாலில் போனதும் பதிவாகிவிட்டது.

நான்கைந்து நாள் கழித்து, இரவு ஏழரை மணிக்கு ஒரு போன். "ஆர்.டி.ஐ. போட்டது நீங்கதானே மேடம்? பத்திரிகையா, வக்கீலா? எதுக்கு இதெல்லாம் உங்களுக்கு?" குரலில் மிரட்டல் இல்லைதான். ஆனால் தம்பி பெயர் எங்காவது வந்துவிடுமோ என்று கை நடுங்கியது. "எழுத்துல கேளுங்க சார், எழுத்துல பதில் சொல்றேன்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். எந்தக் கடிதமும் வரவில்லை. பிரிவு 6(2)-இன்படி காரணம் சொல்ல வேண்டியதில்லை. தொடர்புகொள்ளத் தேவையான விவரம் போதும், போன் நம்பர் கட்டாயமில்லை. நான் போட்டிருந்தேன். நீங்கள் போடாதீர்கள். வீட்டில் யாராவது துறையில் இருந்தால் அவர்களைப் பற்றி மனுவில் ஒரு சொல்லும் வரக் கூடாது.

சரியாக 28-ஆம் நாள் பதில் வந்தது. "கோரிய தகவல் பிரிவு 8(1)(ஏ), (ஜி), (எச்) ஆகியவற்றின் கீழ் விலக்களிக்கப்பட்டுள்ளது." அவ்வளவுதான். நாட்டின் பாதுகாப்பு, உயிருக்கு ஆபத்து, புலன் விசாரணைக்கு இடையூறு என்று மூன்றையும் ஒரே வரியில் கட்டிவிட்டார்கள். எது எதற்குப் பொருந்தும் என்று ஒரு சொல் இல்லை. அன்று நிஜமாகவே அழுதேன்.

இந்த இடத்தில்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள். முதல் மேல்முறையீட்டுக்கு 30 நாள் இருக்கிறது, தனிக் கட்டணம் கிடையாது. நான் மூன்றே விஷயம் எழுதினேன். விசாரணை நடக்கிறது என்பது மட்டும் மறுப்புக்குக் காரணமாகாது, தகவல் வெளிவந்தால் விசாரணை எப்படிக் கெடும் என்று காட்ட வேண்டும். இதை பகத் சிங் என்பவர் தொடுத்த ஆர்.டி.ஐ. வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் 2007-இலேயே சொல்லிவிட்டது. மறுத்தது சரி என்று நிரூபிக்கும் பொறுப்பு பிரிவு 19(5)-இன்படி அலுவலருடையது. மூன்றாவது பிரிவு 10: மறைக்க வேண்டியதை மறைத்துவிட்டு மிச்சத்தைக் கொடுக்கலாம்.

விசாரணைக்குக் காலை பதினொன்றுக்கு வரச் சொன்னார்கள். கூப்பிட்டபோது மணி இரண்டரை. மேல்முறையீட்டு அலுவலர் மனுவை ஒரு வரி விடாமல் படித்தார். "சர்வர் விவரம், ஐ.பி. முகவரி எல்லாம் வெளியே போனா மிரட்டினவனுக்கே உதவியாயிடும், புரியுதா?" என்றார். அவர் சொன்னது நியாயம். "அது எனக்கு வேண்டாங்கய்யா. பேரு, நம்பர், ஐ.பி. எல்லாத்தையும் மை போட்டு அடிச்சிடுங்க. காவலர்களுக்கு என்ன சொன்னீங்கங்கிறது மட்டும் போதும்" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, பிரிவு 10 பகுதியை அடிக்கோடிட்டார். சுற்றறிக்கைகளை மறைப்போடு வழங்கலாம் என்று உத்தரவு வந்தது. அலுவலரோடு சண்டை போடாமல், அவருடைய பயம் எது என்று கேட்டு அதை நாமே விட்டுக்கொடுத்ததுதான் வேலை செய்தது.

அதற்குப் பிறகும் ஒரு வீண் நடை. பக்கத்துக்கு இரண்டு ரூபாய் வீதம் எட்டு ரூபாய் கட்டச் சொல்லிக் கடிதம். அரை நாள் லீவு போட்டுப் போனால் காசாளர் கருவூலத்துக்குப் போயிருந்தார், வேறு யாரும் வாங்க மாட்டார்களாம். மறுநாள் போய்க் கட்டினேன். ரசீதைப் பத்திரமாக வையுங்கள். 30 நாள் கெடு தாண்டித்தான் தகவல் தருகிறார்கள் என்றால், பிரிவு 7(6)-இன்படி இலவசமாகவே தர வேண்டும்.

இரண்டு எச்சரிக்கை. வழக்கு எண்ணிக்கையை வருடவாரியாகக் கேட்டதற்கு "தனியாகத் தொகுக்கப்படவில்லை" என்று எழுதிவிட்டார்கள். இல்லாத பட்டியலைத் தயாரித்துத் தர வேண்டிய கடமை அவர்களுக்கு இல்லை என்று உச்ச நீதிமன்றமே 2011-இல் சொல்லியிருக்கிறது. அதற்குப் பதில், பதிவேட்டை நேரில் பார்வையிட அனுமதி கேளுங்கள், பிரிவு 2(ஜே)-இல் அந்த உரிமை இருக்கிறது. அடுத்தது, இதே விஷயத்தை இணையப் பாதுகாப்பைக் கவனிக்கும் மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பிடம் கேட்டு நாளைக் கடத்தாதீர்கள். 2023 நவம்பரில் அதை ஆர்.டி.ஐ. சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் சேர்த்து விலக்கிவிட்டார்கள்.

இனி அந்த நான்கு பக்கம். அனுப்புநர், கோப்பு எண், நடுவில் இரண்டு பத்தி எல்லாம் கறுப்பு. மீதி தெளிவாகவே இருக்கிறது. சீருடையில் பெயர்ப் பட்டை தெரியும்படி படம் போடாதீர்கள், அலுவலகக் கடவுச்சொல்லைப் பகிராதீர்கள், மிரட்டல் மெசேஜ் வந்தால் அழிக்காமல், பிளாக் செய்யாமல், ஸ்கிரீன்ஷாட்டோடு உடனே எழுத்தில் தெரிவியுங்கள். கீழே, "அனைவருக்கும் ரோல் காலில் வாசித்துக் காட்ட வேண்டும்" என்று இருக்கிறது. ரோல் கால் என்றால் காவலர்களை வரிசையில் நிறுத்தி வருகை எடுப்பது. தேதி 2023 செப்டம்பர். தம்பிக்கு மெசேஜ் வருவதற்கு ஆறு மாதம் முன்பு.

நேற்று சாப்பாட்டு மேசையில் வைத்து அவனிடம் காட்டினேன். விரலால் வரிவரியாகத் தொட்டுப் படித்தான். "அக்கா, இதை எங்க ரோல் கால்ல படிக்கவே இல்லக்கா" என்றான். மார்ச்சிலேயே அந்த மெசேஜை அழித்துவிட்டிருந்தான்.

அடுத்த மனு எழுதியாயிற்று. அந்தச் சுற்றறிக்கை எந்தெந்தத் தேதிகளில் ரோல் காலில் வாசிக்கப்பட்டது என்பதைக் காட்டும் பதிவேட்டுப் பக்கங்களின் நகல் வேண்டும். ஸ்டாம்ப் ஒட்டிவிட்டேன், நாளைக் காலை தபாலில் போகிறது.