கனடாவிலிருந்து வந்த விற்றமின் போத்தல்

வெளிநாட்டிலிருந்து ஆள் வந்து பெட்டி திறந்தால் சொக்கிலேற்றுக்கும் சவர்க்காரத்துக்கும் நடுவில் இரண்டு மூன்று விற்றமின் போத்தலும் இருக்கும். "பெலத்துக்கு நல்லதாம்" என்று அம்மாவுக்கு ஒன்று, அப்பாவுக்கு ஒன்று, மிச்சம் பக்கத்து வீட்டு ஆச்சிக்கு. மல்லாவியிலும் சரி, புதுக்குடியிருப்பிலும் சரி, அந்தப் போத்தலின் பின்பக்கச் சின்ன எழுத்தை வாசிக்கிறவர் குறைவு. விசயம் முழுக்க அங்கேதான் கிடக்கிறது.

முதலில் ஒரு வேளைக்கு எத்தனை குளிசை என்ற வரி. சிலதில் ஒன்று, சிலதில் இரண்டு. கீழே உள்ள தொகை எல்லாம் அந்த எண்ணிக்கைக்குத்தான். அடுத்தது அலகு. விற்றமின் டியில் 40 ஐ.யு. (சர்வதேச அலகு) என்றால் 1 மைக்ரோகிராம். 1000 என்று பெரிதாகத் தெரிவது வெறும் 25 மைக்ரோகிராம். வட அமெரிக்கக் கணக்கில் வளர்ந்தவருக்கு நாளுக்கு 600 ஐ.யு., எழுபது தாண்டினால் 800. டொக்டர் சொல்லாமல் 4000க்கு மேல் தொடர்ந்து போடக்கூடாது. ஆனால் அமெரிக்கக் கடைகளில் 5000 போட்ட போத்தலும் தாராளமாகக் கிடைக்கிறது. டி உடம்பிலேயே தங்குகிற சாமான். மிஞ்சினால் இரத்தத்தில் கல்சியம் ஏறும். வாந்தி, மலச்சிக்கல், கடைசியில் சிறுநீரகத்தில் கை வைக்கும். வயலில் வெயில் காய்கிறவரை விட, வீட்டுக்குள்ளேயே படுத்திருக்கிற முதியவருக்குத்தான் டி குறையும் வாய்ப்புக் கூட.

மூன்றாவது, எந்த வடிவம் என்பது. விற்றமின் ஏ நாளுக்கு ஆணுக்கு 900, பெண்ணுக்கு 700 மைக்ரோகிராம். ரெட்டினோல் (உடம்பு மாற்றத் தேவையில்லாத நேரடி ஏ) என்று எழுதியிருந்தால் 3000 மைக்ரோகிராம், அதாவது 10,000 ஐ.யு. தான் எல்லை. மீன் ஈரல் எண்ணெய்க் குளிசையிலும் அது இருக்கலாம், மல்ரிவிற்றமினிலும் இருக்கலாம். இரண்டையும் சேர்த்துப் போடுகிறவர் கூட்டிப் பார்ப்பதில்லை. கர்ப்பிணிக்கு இது விளையாட்டில்லை, கூடிய ரெட்டினோல் கருவில் ஊனத்தை உண்டாக்கும். முருங்கையிலை வறையில் இருப்பது கரோட்டின். உடம்பு தேவைக்கு மட்டும் அதை ஏ ஆக மாற்றிக்கொள்ளும், பயமில்லை. வறையில் போடுகிற தேங்காய்ப்பூவின் கொழுப்பு அது உடம்பில் சேர உதவும். அதே கரோட்டினைக் குளிசையாகப் போடுகிற புகைகாரர் கவனம்: நாளுக்கு 20 மில்லிகிராம் கொடுத்த பின்லாந்து ஆய்வில் (1994) நுரையீரல் புற்றுநோய் கூடினதே தவிரக் குறையவில்லை.

இங்கே அதிகம் பிழைக்கிறது "நரம்புக் குளிசை". சீனி வருத்தக்காரருக்குக் கால் விறைத்தால் பார்மசியில் கேட்டு வாங்கி மாதக்கணக்கில் விழுங்குகிறார்கள். சிலதில் ஒரு குளிசையிலேயே பி6 200 மில்லிகிராம் உண்டு. ஒரு நாள் தேவை 2 மில்லிகிராமுக்கும் கீழே. அமெரிக்கர் வைத்த மேல் எல்லை 100, ஐரோப்பியர் வைத்தது 12. பி6 அளவு மீறி நெடுநாள் போனால் அதுவே கால் விறைப்பைக் கொண்டுவரும். பிறகு விறைப்புக் கூடினது என்று இன்னொரு குளிசை! சீனி வருத்தத்துக்கு மெற்ஃபோமின் குளிசையை வருடக்கணக்கில் எடுப்பவருக்கு பி12 குறைவதும் உண்டு. அதை இரத்தம் சோதித்துப் பார்க்க வேண்டும். பி12 குறைந்திருக்கும்போது போலிக் அமிலம் (அதுவும் ஒரு பி விற்றமின்) மட்டும் போட்டால் இரத்தச்சோகை சரியானது போலக் காட்டும், நரம்பு உள்ளுக்குள் பழுதாகிக்கொண்டே இருக்கும்.

தண்ணீரில் நுரைக்கிற 1000 மில்லிகிராம் விற்றமின் சி காசுக்குக் கேடு. தேவை 75 முதல் 90. வளவில் பழுத்த ஒரு கொய்யாப்பழம் அதைத் தாண்டும். நுரைக்கிற குளிசையில் சோடியமும் உண்டு, பிரசர் உள்ளவருக்கு ஆகாது. வவுனியாப் பக்கம் சிறுநீரக நோய் உள்ளவர் அந்தக் குளிசையைத் தொடவே வேண்டாம், மிஞ்சும் சி ஒக்சலேற் என்ற உப்பாகச் சிறுநீரகத்தில் தேங்கும்.

கிளினிக்கில் கர்ப்பிணிக்குத் தருகிற இரும்புக் குளிசை வேறு கதை. அது கட்டாயம் விழுங்க வேண்டியது. தேத்தண்ணியோடு விழுங்கினால் பாதி வீண். முன்னும் பின்னும் ஒரு மணித்தியாலமாவது தேத்தண்ணி விலகட்டும், தேசிக்காய்த் தண்ணி நல்லது. கல்சியம் குளிசையை வேறு வேளைக்குத் தள்ளவும். வயிற்றைப் பிரட்டினால் இரவு சாப்பிட்ட பிறகு எடுக்கலாம். மலம் கறுப்பாகப் போவது இயல்பு. 300 மில்லிகிராம் கல்சியம் லக்ரேற் குளிசையில் உண்மையான கல்சியம் சுமார் 39 மில்லிகிராம்தான் என்பதால் பால், நெத்தலி போன்ற முள்ளோடு தின்னும் சின்ன மீனை விடக்கூடாது.

பிள்ளைகள் உள்ள வீட்டில் ஆகப் பெரிய ஆபத்தும் இதே இரும்புதான். 60 மில்லிகிராம் இரும்புள்ள குளிசை பத்தை 10 கிலோ எடையுள்ள பிள்ளை விழுங்கினால் உயிராபத்து. வாந்தி நின்று பிள்ளை தெளிந்தது போலத் தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்கு, மிஞ்சின குளிசைப் பையையும் கையோடு கொண்டு. பழச்சுவையில் வரும் மெல்லுகிற விற்றமினும் பிள்ளைக்கு இனிப்புத்தான், எட்டாமல் பூட்டி வைக்க வேண்டும்.

குளிசையே தேவைப்படாத இடம் சோறு. புழுங்கலாக்கும்போது பி1 தவிட்டிலிருந்து அரிசி மணிக்குள் இறங்கும், தீட்டினாலும் நிற்கும். வெள்ளைப் பச்சரிசியை நாலு தரம் கழுவி, வடித்த கஞ்சியை மாட்டுக்கு ஊற்றினால் சத்து மாட்டுக்குத்தான்.

தகரக் கூரை வீட்டில் பகலில் சூடு 30 பாகையைச் சாதாரணமாகத் தாண்டும். லேபிளில் எழுதியிருப்பது அதற்குக் கீழே வைக்கச் சொல்லி. போத்தலை அடுப்படிக்கும் கூரைக்கும் தூரமாக, நிலத்துக்குக் கிட்ட, ஆனால் பிள்ளைக்கு எட்டாத பூட்டுப் பெட்டியில் வைக்கவும். உள்ளே பஞ்சு இருந்தால் திறந்தவுடன் எறியவும், அது ஈரத்தை இழுக்கும். சின்னப் பொட்டலமாக வரும் ஈரமுறிஞ்சி மட்டும் இருக்கட்டும். விற்றமின் சி மண்ணிறப் புள்ளியாகிவிட்டால் குப்பைக்கு.