ஸ்ட்ரெங்த் 6

ஜூன் 4, வியாழன்

போன டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தில் (ஆளுக்கொரு பாத்திரமாகப் பகடை உருட்டிக் கதை ஆடும் விளையாட்டு) என் கேரக்டருக்கு ஒன்பது பக்கம் முன்கதை எழுதியிருந்தேன். எரிந்துபோன ஊர், காணாமல் போன அண்ணன், யாருக்கும் தெரியாத ராஜ வம்சம் என்று ஒன்று விடவில்லை. இரண்டாவது நாள் ஆட்டத்திலேயே மூன்று காப்ளின்கள் சேர்ந்து குத்திப் போட்டுவிட்டன. அண்ணன் இன்னும் கிடைத்தபாடில்லை.

புதுக் கதை பதினான்காம் தேதி தொடங்குகிறது, எல்லாரும் லெவல் 1. டி.எம். (டஞ்சன் மாஸ்டர், கதையை நடத்துபவர்) இரண்டு நிபந்தனை போட்டிருக்கிறார். முன்கதை நாலு வாக்கியத்துக்கு மேல் போகக்கூடாது (என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னார்). கேரக்டரின் ஆறு திறன் எண்களைப் பகடை உருட்டித்தான் எடுக்க வேண்டும், அதுவும் விழுகிற வரிசையிலேயே, முதலில் விழுவது ஸ்ட்ரெங்த் (வலு), அடுத்தது டெக்ஸ்டெரிட்டி (சுறுசுறுப்பு), இப்படி. 1974-இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸைக் கொண்டுவந்தபோது ஒவ்வொரு எண்ணுக்கும் மூன்றே பகடைதான். நமக்கு நாலு உருட்டி, குறைந்ததை எடுத்துவிடலாம். அந்த மட்டும் கருணை.

ஜூன் 6, சனி

உருட்டியாயிற்று. முதல் உருட்டலே 1, 1, 2, 3. ஒரு ஒன்றை எடுத்தால் மிச்சம் ஆறு. ஸ்ட்ரெங்த் 6. மேசையில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை, அப்புறம் எல்லாரும் ஒன்றாகச் சிரித்தார்கள்.

மற்றவை மோசமில்லை: டெக்ஸ்டெரிட்டி 11, கான்ஸ்டிடியூஷன் 13, இன்டெலிஜென்ஸ் 10, விஸ்டம் 15, கரிஸ்மா 12. ஆனால் அந்த ஆறுதான் கண்ணை உறுத்துகிறது. வீட்டுக்கு வந்து ஆற்றாமையில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நாலு பகடை விழ மொத்தம் 1296 வழிகள், அதில் சரியாக ஆறு வருவது 21 வழிகளில். பதினெட்டு வருவதும் அதே 21 வழிகளில்தான்! ஆக, பதினெட்டு விழுவது எவ்வளவு அபூர்வமோ அவ்வளவு அபூர்வம்தான் எனக்கு விழுந்ததும். இதை குழுவில் போட்டேன். யாரும் மதிக்கவில்லை.

ஜூன் 7, ஞாயிறு

விஸ்டம் 15 என்றால் க்ளெரிக்தான் (சாமி அருளால் மந்திரம் போடும் பூசாரி), அதில் யோசிக்க ஒன்றுமில்லை, குழுவில் வைத்தியம் பார்க்க வேறு ஆளும் கிடையாது. க்ளெரிக்கில் குணமாக்கும் பிரிவான லைஃப் டொமைன் எடுத்தால் கனமான கவசமும் போடலாம். சிக்கல் அங்கேதான். செயின் மெயில் (இரும்பு வளையக் கவசம்) போட ஸ்ட்ரெங்த் 13 வேண்டும், இல்லாவிட்டால் நடை பத்து அடி குறையும்.

அரை மணி நேரம் புத்தகத்தைப் புரட்டினேன் (நாங்கள் ஆடுவது ஐந்தாம் பதிப்பு, 2014 புத்தகம்). விடை ட்வார்ஃப் (குள்ளர் இனம்) பக்கத்தில் ஒற்றை வரியாக இருந்தது: ட்வார்ஃபுக்குக் கனமான கவசத்தால் நடை குறையாது. ஹில் ட்வார்ஃப் என்றால் கான்ஸ்டிடியூஷன் 15, விஸ்டம் 16 ஆகிவிடும், கூடவே உயிர்ப் புள்ளியில் ஒன்று கூடும். க்ளெரிக்குக்கு 8, கான்ஸ்டிடியூஷனுக்கு 2, அந்த ஒன்று, மொத்தம் 11. செயின் மெயில் 16, கேடயம் 2, ஆக ஆர்மர் கிளாஸ் (எதிரி அடி விழாமல் காக்கும் எண்) 18. எறும்பைத் தூக்கத் தெம்பில்லாத ஒருத்தி, ஆனால் குழுவிலேயே அடி விழாத ஆள் அவள்தான். எனக்கு அப்போதே பிடித்துப்போயிற்று.

தண்டாயுதம் மட்டும் சும்மா அழகுக்கு. ஆறு முகப் பகடை உருட்டி, ஸ்ட்ரெங்த் 6 என்பதால் இரண்டைக் கழிக்க வேண்டும், அதாவது அடி சரியாக விழுந்தாலும் ஒன்றோ இரண்டோ வந்தால் எதிரிக்கு ஒரு கீறல்கூட இல்லை. சண்டைக்கு சேக்ரட் ஃப்ளேம் மந்திரம் போதும், அதற்குக் கைவலு தேவையில்லை.

ஜூன் 10, புதன்

இன்று மூட்டை கட்டினேன். பொதுவாக எடையை யாரும் பார்ப்பதில்லை, எங்கள் டி.எம். பார்ப்பார். ஸ்ட்ரெங்த்தைப் பதினைந்தால் பெருக்கினால் எவ்வளவு சுமக்கலாம் என்று வரும். எனக்கு 90 பவுண்ட்.

செயின் மெயில் 55, கேடயம் 6, தண்டாயுதம் 4. அதிலேயே 65 போய்விட்டது. பை 5, கம்பளி 3, நிரம்பிய தோல்பை தண்ணீர் 5, இரண்டு நாள் சாப்பாடு 4, கழுத்தில் மாட்டும் சாமி சின்னம் 1. ஆக 83. மிச்சம் ஏழு. ஐம்பது அடி சணல் கயிறு பத்து பவுண்ட். பட்டுக் கயிறு ஐந்துதான், ஆனால் பத்துப் பொற்காசு விலை, என்னிடம் அது இல்லை.

கயிறு இல்லாமல் நிலவறைக்குள் போகிறவர்கள் உண்டா? எங்கள் ஃபைட்டருக்கு (குழுவில் போர்வீரனாக ஆடும் நண்பன்) ஃபோன் போட்டு, "என் கயிற்றை நீ தூக்கிக்கிறியா?" என்றேன். "சரி, அதுக்கு எனக்கு என்ன தருவே?" என்றான்.

அங்கேதான் அவள் எனக்குத் தெரிந்தாள். ஒன்பது பக்கம் எழுதியபோது கிடைக்காதது.

ஜூன் 12, வெள்ளி

நாலு வாக்கியம்: கிர்தா, வயது 290, சுரங்க ஊரில் பிறந்து ஒரு நாளும் மண்வெட்டி தூக்க முடியாதவள். அவள் தண்ணீரை, விறகை, கடைசியில் அவள் பிரசங்க மேடையைக்கூட மற்றவர்கள்தான் தூக்கினார்கள். யார் எதைத் தூக்கினாலும் இடுப்பு நூலில் ஒரு முடிச்சுப் போடுவாள், அவர்களுக்கு அடிபட்டால் குணமாக்கிவிட்டு ஒரு முடிச்சை அவிழ்ப்பாள். நூலில் இப்போது நாற்பத்தொரு முடிச்சு இருக்கிறது, அதில் பாதிப் பேர் செத்துவிட்டார்கள்.

முதலில் அவளை நோயாளியாக எழுதியிருந்தேன், அழுகாச்சியாக இருந்தது, அடித்துவிட்டேன். டி.எம். படித்துவிட்டு, "செத்தவங்க முடிச்சை என்ன பண்ணுவா?" என்று மட்டும் கேட்டார். தெரியாது என்றேன். சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

மந்திரம் நாலு தயார் செய்யலாம். ப்ளெஸ்ஸும் க்யூர் வூண்ட்ஸும் டொமைன் தருவதால் அந்தக் கணக்கில் வராது. ஹீலிங் வேர்ட் வேண்டாம், குணமாவது குறைவு என்று நினைத்தேன். ஃபைட்டர்தான் வற்புறுத்தினான்: அறுபது அடி தூரத்திலிருந்தே வேலை செய்யும், எடுத்துக்கோ.

ஜூன் 14, ஞாயிறு

முதல் ஆட்டம். ஃபைட்டர் என் கயிற்றைத் தூக்கிக்கொள்ள, நாற்பத்திரண்டாவது முடிச்சோடு உள்ளே போனோம். ஒரு மணி நேரத்தில் இருபது அடிக் குழியில் ஃபைட்டர் விழுந்தான், என் கயிற்றோடு. விழுந்த அடிக்கு இரண்டு பகடை, இரண்டிலும் ஆறு, அவனிடம் இருந்ததே பன்னிரண்டு உயிர்ப் புள்ளி.

மேலே நானும் விஸார்டும் (மந்திரவாதி). அவனுக்கு ஸ்ட்ரெங்த் 8. குழி விளிம்பில் நின்று ஹீலிங் வேர்ட் சொன்னேன், பகடையில் ஒன்று விழுந்தது, ஆனால் விஸ்டமுக்கு மூன்று, லைஃப் டொமைனுக்கு மூன்று, ஆக ஏழு. கண் விழித்தான். கயிற்றைச் சுருட்டி மேலே எறிந்தான். அவனை இழுக்க எங்கள் இரண்டு பேருக்கும் வலுவில்லை என்று எல்லாரும் என்னையே பார்க்க, "நான் தூணில் கட்டுகிறேன்" என்றேன். டி.எம். முடிச்சு நூலை யோசித்துப் பார்த்துவிட்டு, பகடை வேண்டாம், கட்டிட்டே என்றார்.

ஏறி வந்ததும் அவன் கேட்ட முதல் கேள்வி, ஒரு முடிச்சு அவிழ்ந்ததா இல்லையா என்பதுதான். அவிழ்த்தேன். உடனே கயிற்றைச் சுருட்டி அவன் தோளில் மாட்டிவிட்டு மறுபடி ஒன்று போட்டேன்.